டயட் என்றால் பட்டினி இல்லை மக்களே



சுகர் ஓபி-யில் உட்கார்ந்தால் நான் அதிகம் கேட்கும் இங்கிலீஷ் வார்த்தை "டயட்".

"சார், ஒரு வாரமா டயட்ல இருக்கேன். காலைல ஒண்ணுமே சாப்பிடுறதில்ல."

"டயட் முடிஞ்சுருச்சு சார். இனிமே பழையபடி சாப்பிடலாமா?"

"டயட்டுக்கெல்லாம் எங்ககிட்ட காசு ஏது சார்?"

முதல் ஆளுக்கு டயட் என்றால் பட்டினி. இரண்டாவது ஆளுக்கு அது ஒரு கோர்ஸ், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாதிரி. மூன்றாவது ஆளுக்கு ஓட்ஸ், ஆலிவ் ஆயில், அவகாடோ.

மூன்றுமே அந்த வார்த்தை பிறந்தபோது அதற்கு இருந்த பொருள் இல்லை.

டயட்டின் வேர் கிரேக்கச் சொல்லான 'தியாய்ட்டா'. அதன் பொருள் "வாழும் முறை". என்ன சாப்பிடுகிறாய் என்பது மட்டும் இல்லை. எப்போது தூங்குகிறாய், எவ்வளவு நடக்கிறாய், எப்படிக் குளிக்கிறாய் எல்லாமே அதற்குள் அடக்கம்.

சுமார் 2400 வருடங்களுக்கு முன்பு, ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று முழுக்க இந்த தியாய்ட்டா பற்றியதுதான். சாப்பாடு மட்டும் மனிதனை ஆரோக்கியமாக வைக்காது, கூடவே உடல் உழைப்பும் வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்று ஓபி-யில் நாங்கள் தொண்டை வறளச் சொல்வதும் அதேதான்.

மருத்துவர்கள் எடுக்கும் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி தெரியும்தானே? அதன் பழைய வடிவத்தில், நோயாளியின் நன்மைக்காக என்ன செய்வேன் என்று சொல்லும் இடத்தில் முதலில் வருவது இந்த வாழ்க்கைமுறை வைத்தியம். மருந்தும் கத்தியும் அதற்குப் பிறகுதான்.

இந்தச் சொல் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக 13-ம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரும் வழியில் ஒரு விசயம் நடந்தது.

லத்தீனில் 'தியேஸ்' என்றால் நாள். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி இருந்ததால் ஒட்டிக்கொண்டன. ஒரு நாள் வேலை, ஒரு நாள் பயணம், கூட்டத்துக்குக் குறித்த நாள் எல்லாவற்றுக்கும் 'டயட்' என்ற பெயர் வந்தது.

ஸ்கூல் ஹிஸ்டரியில் "டயட் ஆஃப் வோர்ம்ஸ்" படித்திருப்பீர்கள். 1521-ல் மார்ட்டின் லூதரை விசாரித்த சபை. வோர்ம்ஸ் ஒரு ஜெர்மன் ஊர். புழு தின்னும் டயட் என்று நினைத்துச் சிரித்தவர்கள் கை தூக்கவும் 😄 ஜப்பான் நாடாளுமன்றத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் "நேஷனல் டயட்" என்றுதான் பெயர்.

சரி, "வாழும் முறை" எப்போது "எடை குறைக்கும் முறை" ஆனது? நோயாளிக்கு உணவுக் கட்டுப்பாடு என்ற பொருள் இடைக்காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் எடைக் குறைப்பு ஊரெல்லாம் பேச்சானதில் லண்டன்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் வில்லியம் பேன்டிங். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில். உடல் பருமனால் அவதிப்பட்டவர், டாக்டர் ஹார்வி சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைத்து எடையும் குறைந்தார். 1863-ல் அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். செம ஹிட். ஸ்வீடன் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றும் 'பான்ட்டா' என்பதுதான் வார்த்தை. மனுசன் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது.

கவனியுங்கள், அவர் பட்டினி கிடக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பிட்டார். சாப்பாட்டை மாற்றினார், நிறுத்தவில்லை.

நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது: பத்தியம். சமஸ்கிருதத்தில் 'பத' என்றால் வழி. போகிற வழிக்கு ஒத்துவருவது பத்தியம். கிரேக்கத்தில் வாழும் முறை, இங்கே போகும் வழி. எங்கோ இருந்த இரண்டு ஊர்க்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாம்தான் பத்தியத்தை "புளி, காரம் இல்லாத சாப்பாடு" என்று சுருக்கிவிட்டோம்.

சொல்லோட அர்த்தம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்பீங்க. சொல்றேன்.

ஒரு நைட் டூட்டியில் ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சித்தாள் வேலை பார்ப்பவர். பேச்சு மூச்சு இல்லை, உடம்பெல்லாம் வியர்வை. பக்கவாதம் என்று பயந்து மகன் அழுதுகொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 34. உடனே நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். சில நிமிசத்தில் கண்ணைத் திறந்து, "ஏன் தம்பி, என்னைய எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்றார்.

கால் புண் ஆறவில்லை, சுகரைக் குறைத்தே ஆகவேண்டும் என்று இரண்டு நாளாக "டயட்" இருந்திருக்கிறார். காலையில் வெறும் டீ, மதியம் ஒரு வாழைப்பழம், செங்கல் சுமக்கும் வேலை. "மாத்திரைய மட்டும் தப்பாம போட்டேன் தம்பி" என்றார்.

அவர் போட்ட கிளிமிபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் வேலை பல மணி நேரம் நீடிக்கும் என்பதால், எழுந்து உட்கார்ந்த பிறகும் அட்மிட் செய்து மணிக்கு மணி சுகர் பார்த்தோம். அன்று யாரும் கவனிக்காமல் காலை வரை விட்டிருந்தால் மூளை தாங்கியிருக்காது. உயிரே போயிருக்கலாம்.

யாரோ எங்கோ "டயட்ல இருங்க" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா காதில் அது "சாப்பிடாதே" என்று விழுந்தது.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளை சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். விரதம், நோன்பு இருப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். டோஸை மாற்றித் தருவோம்.

படபடப்பு, நடுக்கம், வியர்வை, திடீர்க் குழப்பம் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, சுகர் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள்.

டயட்டுக்குக் காசு இல்லை என்பவர்களுக்கு: ஓட்ஸ் வேண்டாம். தட்டில் பாதி கீரை, காய். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மிச்சக் கால் பங்கு சோறு, ரேசன் அரிசியாக இருந்தாலும் சரி. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், கொஞ்சம் நடை.

அடுத்த முறை ஓபி-க்கு வரும்போது "டயட்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அதுதான் உங்கள் டயட். அதைக் கேட்டால்தான் எங்களால் சரியான மாத்திரை எழுத முடியும்.

வீட்டில் சுகர் மாத்திரை போடும் அம்மா, அப்பா, மாமியார், தாத்தா இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.