ஆறில்லா ஊரவனின் தூண்டில்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்றைச் சொல்வார்கள். அது மாரியில் மட்டும் ஓடும் வெள்ள வாய்க்கால். தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது கடலோடு தொடுத்த நீரேரி. ஆகவே குடாநாட்டில் பிறந்தவனுக்கு மீன் என்றால் கடல் மீன்தான். பாரையையும் விளைமீனையும் கண்ணைப் பார்த்தே தரம் சொல்லும் எங்கள் ஆட்கள், ஆற்று மீன் என்றதும் "சேறு மணக்கும்" என்று முகம் சுழிப்பார்கள். அந்த முகச்சுழிப்போடுதான் நானும் வளர்ந்தேன்.

1990களின் தொடக்கத்தில் கலைப் பட்டத்துக்காகப் பேராதனைக்குச் சென்றபோதுதான் வற்றாத ஆறொன்றை முதன்முதலாகக் கண்டேன். மகாவலி கங்கை பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகவே ஓடுகிறது. அக்பர் பாலத்தில் நின்று எத்தனையோ மாலைகள் அதைப் பார்த்திருக்கிறேன். இறங்கிக் கால் நனைத்ததில்லை. அதற்கொரு காரணம் உண்டு; பிறகு சொல்கிறேன்.

தூண்டில் ஆசை ஐம்பதைத் தாண்டிய பின் வந்தது. 2022 மார்ச்சில் அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் இலங்கையின் சில நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தின. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. எழுதுவதற்குச் செய்தி குவிந்து கிடந்தது, அச்சிடத்தான் தாள் இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழில் வாழ்வில் சனிக்கிழமை என்றொரு நாள் கிடைத்தது அப்போதுதான். கம்பளையில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து ஆறு ஐந்து நிமிட நடை.

எனக்குக் குருவாக வாய்த்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தையற்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, எனக்கும் அப்படியே. முதல் மூன்று சனிக்கிழமைகளும் அவர் என் கையில் தடியைத் தரவேயில்லை. "ஆத்தப் பாருங்க தம்பி. மீனப் பொறகு பார்க்கலாம்" என்பார். ஒரு மணி நேரம் சும்மா தண்ணீரைப் பார்த்திருப்பது, பேச்சையே முதலாகக் கொண்டு பிழைக்கும் செய்தியாளனுக்கு எவ்வளவு கடினம் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, ஆறு என்பது ஒரே நீர் அல்ல. நடுவே விரைந்தோடும் நீர் ஒன்று. பாறைக்குப் பின்னால் தேங்கிச் சுழலும் நீர் வேறொன்று. இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு தெரியும். மீன் அந்தக் கோட்டின் ஓரத்தில், மெதுவான பக்கமாக நின்றுகொள்ளும். ஓட்டம் இரையைக் கொண்டு வரும். மீன் பலத்தை வீணாக்காமல் எட்டிக் கவ்வும். அது ஓட்டத்தை எதிர்த்தே தலை வைத்து நிற்பதால் நாம் கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால் நெருங்க வேண்டும். கரையில் அதிர மிதித்தால் போதும், மீன் தன் உடலின் பக்கக்கோட்டால் அதை உணர்ந்துவிடும். நிழல் நீரில் விழவே கூடாது.

நானாவின் தடி கித்துள் மட்டையில் சீவியது. தங்கூசி நூல், சிறு ஈயக் குண்டு, பழைய இறப்பர்ச் செருப்பில் வெட்டிய மிதவை, மண்புழு, அவ்வளவுதான். நான் கடையில் வாங்கிய தடியை அவர் மரியாதையோடு தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறிதாகும் என்ற விசித்திரக் கணக்கை அங்கேதான் அறிந்தேன். மிதவை நடுங்கினால் பொடி மீன் கொறிக்கிறது. பேசாமல் இருக்க வேண்டும். சாய்ந்து, நகர்ந்து, அமிழும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு. இழுப்பு அல்ல, சுண்டு.

இன்னொரு பாடமும் உண்டு. கம்பளைக்கு மேலே, 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளிலும் ஆற்றில் நீர் ஏறக்கூடும். நீர்விளிம்பில் ஒரு கல்லைக் குறித்து வைத்துவிட்டே நானா உட்காருவார். கல் நனைந்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவார்.

எட்டாவது வாரத்தில் ஒரு மீன் அகப்பட்டது. உள்ளங்கை அகலத் திலாப்பியா. வன்னியில் இதை 'ஜப்பான் மீன்' என்பார்கள். ஜப்பானுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, 1952இல் இங்கு கொண்டுவந்து விடப்பட்ட ஆபிரிக்க மீன் இது. சுதேசி மீனான லெஹெல்லாவை நான் இதுவரை பிடித்ததில்லை. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டம் கொழும்பில் இருக்கிறது, ஆறு இங்கே இருக்கிறது.

அந்தத் திலாப்பியாவை நானாவுக்கே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பத்து வருஷம் எங்க ஊட்ல ஆத்து மீன் ஆக்கல்ல தம்பி" என்றார்.

விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1989இல் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கப் புறப்பட்டவர்களின் வெறியும் சேர்ந்து இந்த நாட்டின் ஆறுகளில் பிணங்களை மிதக்கவிட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் பேராதனை வளாகக் குளத்தைச் சுற்றி மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் சேர்ந்தபோது மூத்த மாணவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். நான் பாலத்தோடு நின்றுகொண்டது அதனால்தான். வடக்கிலிருந்து எங்கள் சாவுகளைச் சுமந்து வந்தவர்களுக்கு அவர்களுடைய சாவுகளும் அங்கே காத்திருந்தன. நானாவோ கரையிலேயே வாழ்ந்தவர். தைத்துக் கொடுத்த சட்டையை நீரில் அடையாளம் கண்டதாக ஒரே ஒருமுறை சொன்னார். யாருடைய சட்டை என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதே தொழிலானவன். அன்று கேட்கத் தோன்றவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கம்பளையை எப்படி அடித்தது என்பதைத் தூர தேசங்களில் இருப்பவர்களும் செய்திகளில் கண்டிருப்பீர்கள். நாங்கள் குறித்து வைத்திருந்த கல் போயிற்று. மணல்திட்டு இடம் மாறியது. நீர் தெளிந்த பின் நானாவும் நானும் மறுபடி தடியில்லாமல் கரையில் உட்கார்ந்து, புதிய சுழி எங்கே, புதிய மடு எங்கே என்று பார்க்கத் தொடங்கினோம்.

பாலத்துக்குக் கீழே ஆறு இடப்பக்கம் திரும்பும் வளைவொன்று உண்டு. வெள்ளம் அதை மட்டும் மாற்றவில்லை. அங்கே ஆழமும் நிழலும் இருக்கின்றன. பெரிய மீன்கள் நிற்பதாகப் பையன்கள் சொல்கிறார்கள். நானா அங்கே தூண்டில் போடுவதில்லை. நானும் போடுவதில்லை.