பூப் படம் போட்ட அறை



கவிதை எழுத எனக்கு வராது. ஆகவே ஆண்டு மலருக்காக ஒரு வாஷிங் மெஷின் கதை சொல்கிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் வீட்டில் துவைக்கிற கல்தான் உண்டு. மெஷின் இருப்பது அம்மா வேலை செய்யும் வீட்டில். முன்பக்கம் கதவு வைத்த மெஷின். ஒருநாள் அம்மா வாடிய முகத்தோடு வந்தாள்.

"துணியெல்லாம் பவுடர் ஒட்டிட்டு வருது. டிராயர்ல தண்ணி நிக்குது. நான்தான் கெடுத்துட்டேனாம். மெக்கானிக் கூலியைச் சம்பளத்துல புடிச்சுக்குவாங்களாம். நீதான் மெசின் படிப்பு படிக்கிறயே, வந்து பாரு கண்ணு!"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ என்றால் உலகத்து மெஷின் அத்தனையும் அத்துப்படி என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கோ லேத்தைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழக்கமில்லை. உள்ளூர உதறல்தான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"கோளாறைத் தேடி அலையாதே, தண்ணி வர்ற வழியிலயே நடந்து போ" என்று ஹைட்ராலிக்ஸ் சார் வகுப்பில் சொல்வார். அதையே செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, மெஷினுக்குப் பின்னால் இருந்த ஹோஸைக் கழற்றினேன். தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சின்ன வலை. அது முழுக்கப் போர் தண்ணி மண். இடுக்கியால் மெதுவாக இழுத்துக் கழுவினேன். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். அந்த வீட்டு மாடித் தொட்டி 4 மீட்டர் உயரம்கூட இராது. இருக்கிற 0.4 பாருக்கும் மண் குறுக்கே நின்றால், பவுடரை அடித்துக்கொண்டு போகத் தண்ணீருக்கு வலு ஏது?

அடுத்து டிராயர். உள்ளே இருந்த நாக்கை அமுக்கி இழுத்ததும் முழுசாக வந்துவிட்டது. அதில் மூன்று அறைகள். ஒரு கோடு போட்டது முன்சலவைக்கு. இரண்டு கோடு போட்டது முக்கிய சலவைக்கு. பூப் படம் போட்டது, கடைசி அலசலில் துணியை மிருதுவாக்கும் திரவத்துக்கு மட்டும். அந்த அறையில் சைஃபன் இருக்கிறது. லாரி டேங்கில் டியூப் போட்டு டீசல் எடுப்பார்களே, அதே தத்துவம். தண்ணீர் மட்டம் குழாயின் உச்சியைத் தாண்டியதும் மொத்தமும் உறிஞ்சிக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் இங்கே மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பவுடர் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது!

"ஏம்மா, இதுல யாரு பவுடர் போட்டது?"

"பூப் போட்டிருக்குதே கண்ணு, வாசத்துக்காக்கும்னு அதுலயும் ஒரு கரண்டி போடுவேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் டிராயரை ஊறப்போட்டேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெள்ளையாகப் படிந்திருந்த உப்புக்கு எலுமிச்சம்பழச் சாறு. டிராயர் உட்காரும் கூட்டின் மேற்கூரையில், தண்ணீர் கொட்டும் சிறு துளைகளைச் சுற்றிக் கறுப்புப் பூஞ்சை. அதையும் துடைத்தேன். எல்லாவற்றையும் மாட்டி ஓட விட்டதும் பவுடர் சுத்தமாக இறங்கிப் போயிற்று. பூ அறையில் மட்டும் அடியில் துளி தண்ணீர் தங்கியது. சைஃபனில் அது சகஜம்தான்.

"என்ன தம்பி, உங்கம்மா என்ன பண்ணி வெச்சிருந்தாங்க?" என்று வீட்டுக்கார அம்மா வந்து நின்றார்.

"வலையில மண்ணுங்க, அவ்வளவுதான்" என்றேன். பாதி உண்மை! சம்பளம் போய்விடுமே என்ற பயம்.

ஆனால் அம்மா விடவில்லை. "இல்லீங்கக்கா, பூப் போட்ட ரூம்லயும் நான் பவுடர் போட்டுட்டேன். தெரியாமப் போச்சுங்க."

அந்த அம்மா கொஞ்ச நேரம் டிராயரையே பார்த்தார். "வாங்கினப்ப நானும் சொல்லிக் குடுக்கலியே" என்றார். சம்பளத்தில் கை வைக்கவில்லை.

நண்பர்களே! மாதம் ஒருமுறை டிராயரைக் கழுவுங்கள். துவைத்த பின் சற்றுத் திறந்தே வையுங்கள். பூஞ்சை அண்டாது. இது மெஷினுக்கு. நமக்கும் ஒன்று உண்டு. தண்ணீர் வந்த வழியைப் பார்த்தவன், அதில் தினமும் பவுடர் போடும் கையிடம் கடைசியில்தான் கேட்டேன். மூன்று வருடமாகப் படித்ததை வீட்டில் பெருமையடித்தேனே தவிர, அம்மாவிடம் "அங்கே நீ என்ன மெஷின் ஓட்டுறே?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது பக்கத்து வீட்டு வேலைக்கார அக்காவுக்கு அம்மாதான் பாடம் எடுக்கிறாள்: "ரெண்டு கோடு போட்டதுல மட்டும் பவுடரு. பூவைப் பாத்து ஏமாந்துறாத!"

— இறுதியாண்டு, இயந்திரவியல்