உண்டியல் சாவி

குருமடத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பற்றிய பாடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். உண்டியலில் கைவைத்ததாகக் கோயில்பிள்ளை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாள் சாவியை அவனிடமிருந்து வாங்கிவிடலாமா? கூடாது. அங்கே கேட்டதை வைத்து வெளியே நிர்வாகம் நடத்தக் கூடாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 984-ஆம் விதி. சாவி அவனிடமே இருக்கும். அவனைப் பார்க்கும் சாமியார் முகமும் நேற்றைப் போலவே இருக்க வேண்டும்.

கேட்டதை வெளியே சொல்லாதிருக்க வாயை மூடினால் போதும். முகத்தில் காட்டாதிருப்பதுதான் பழக வேண்டிய வேலை. ஏற்காடு மாதிரி மலையூரில் அது இன்னும் கஷ்டம். எஸ்டேட் லயன் வீட்டுக்காரர்கள் இருமினாலே யாரென்று எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத் தட்டி எதையும் மறைப்பதில்லை. அதனால் தவக்காலத்தில் வேறு சாமியார்களைக் கூப்பிட்டு உட்காரவைப்போம். துறவற இல்லங்கள் நிறைந்த ஊர் என்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1917 முதல் மான்ஃபோர்ட் பள்ளியை நடத்திவரும் கபிரியேல் சபைச் சகோதரர்கள் குருக்கள் அல்லர். பாவமன்னிப்பு அளிக்க அவர்களால் முடியாது. அங்கியைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இன்னும் உண்டு.

மிளகுப் பறிப்பு ஓய்வதற்குள் தவக்காலம் வந்துவிடும். வேலை விட்டு, குளித்து, இருட்டிய பிறகுதான் வருவார்கள். உள்ளே போனவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று வரிசை கணக்குப் பார்க்கும். பெரிய பாரம் கொண்டு வந்தவரை நீட்டிப் பேச வைத்தால் விடிவதற்குள் லயன் முழுக்கப் பேச்சாகிவிடும். எனவே அவரிடம் சுருக்கமாகப் பேசுவேன். சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழப்போகிறவரை இன்னும் கொஞ்சம் உட்காரவைத்து, வீட்டு நிலவரம் விசாரிப்பேன். நேரத்தை வைத்து யாரும் யாரையும் எடைபோட முடியாது.

தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று பாவசங்கீர்த்தனக் கையேடு. அண்டிரிக் அடிகளார் 1580-இல் கொச்சியில் அச்சிட்டது. அந்தக் காலத்துச் சாமியார்கள் கட்டளைவாரியாகக் கேள்வி கேட்டே பாவத்தை வெளியே எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துருவத் துருவ வருகிறவர் தன் பாவத்தை விட்டுவிட்டு அடுத்தவர் கதைக்குள் போய்விடுகிறார். உடந்தையாக இருந்தவர் பெயரைக் கேட்கக் கூடாது என்று 979-ஆம் விதியும் சொல்கிறது.

அபராதம் கொடுப்பதில்தான் புத்தி வேண்டும். களவுக்கு மன்னிப்பு உண்டு. திருப்பித் தரும் கடமை அதனால் தீர்ந்துவிடாது. எடுத்தவர் யாரென்று தெரியாமல் சாமியார் கையாலேயே சேர்த்துவிடலாம். புறணிதான் சிக்கல். பரவிய பேச்சை எந்தக் கவரில் போட்டுத் திருப்புவது? பேசிய அதே குழாயடியில், அதே ஆளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொல்வேன். ஜெபமாலை சொல்வது இதைவிடச் சுலபம்.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். மருமகள் பாவத்தை அவள் வந்து சொல்லட்டும். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சேலத்துக்குப் பஸ் ஏறுங்கள். எந்தக் குருவிடம் பெற்றாலும் மன்னிப்பு ஒன்றுதான். அடுத்த ஞாயிறு பூசையில் பார்க்கும்போது, என்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன்.