அட்வான்ஸ் நேர்ச்சை!

வேளாங்கண்ணிக்குப் போய் பேராலயத்தைப் பார்த்ததுமே கடலுக்கு ஓடுகிறவர்கள், எதிர்ப்பக்கம் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம்!

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. சென்னையிலிருந்தெல்லாம் காவி கட்டி நடந்தே வருகிறார்கள். மொட்டை, காதுகுத்து, வெள்ளியில் கை, கால், கண் காணிக்கை... எதுவும் திருச்சபை போட்ட சட்டமில்லை. வீட்டில் ராத்திரி ஜெபமாலை முடிந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, அம்மாக்கள் மட்டும் மாதாவோடு தனியாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்.

மணலில் முழங்காலாலேயே நகர்ந்துகொண்டிருந்தார் ஓர் இளைஞர். பக்கத்தில், கையில் ஜெபமாலையோடு அம்மா.

"என்ன நேர்ச்சை தம்பி?"

"எனக்கு வேலை கெடைச்சா முட்டி போட்டு வர்றேன்னு அம்மா நேர்ந்துக்கிட்டாங்க சார். அதுக்குள்ள அவங்களுக்கு மூட்டுவலி. அதான் நான்..."

"வேலை?"

"இன்னும் இல்லே. இது அட்வான்ஸ்!"

பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.

"பேசாம வாடா... மணி விட்டுப்போச்சு பாரு" என்று அம்மா அதட்டினார். பையன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். முட்டி வலியால் இல்லை, அம்மா பின்தங்கிவிட்டார்.