மரக்காணம் போய் வரலாம்

அனந்தபுரத்துக்காரர்களுக்கு மலை புதிதல்ல. செஞ்சிக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கடல் பார்க்க ஆசையா? திண்டிவனம் போய், மரக்காணத்துக்கு பஸ் ஏறுங்கள்.

கோடையில் போனால் முதலில் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேக்கிய உப்புநீர் வெயிலில் வற்ற, பூத்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பார்கள். வெயில் ஏறினால் கண் கூசும். விடியற்காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஊருக்குள் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. வடக்கே, கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760-ல் ஆங்கிலேயரால் இடிபட்டது. மிஞ்சிய செங்கல் மதிலருகே நின்றால் காயலும் அதற்கப்பால் கடலும் கண்கொள்ளாக் காட்சி!

மார்கழி, தையில் போனாலோ கழுவெளி ஏரியில் வலசைப் பறவைகளின் திருவிழாதான். 2021-ல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாதா? முடியாது. ஏரியை நிரப்பிப் பறவைகளை அழைக்கும் அதே மழைதான் உப்பளத்தை மூடிவிடுகிறது. அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்குக் கூலியும் இல்லை. ஆகையால் இருமுறை போய் வாருங்கள். கோடைப் பயணத்தில் ஒரு பை உப்பு வாங்கி வர மறக்காதீர்கள்!