தீயணைப்பு வண்டியின் சாரதி

தெருவிலே தீயணைப்பு வண்டி போகும்போது நாம் எல்லோரும் ஒதுங்கி நின்று பார்க்கிறோம். சிவப்பு வர்ணம் தெரிகிறது, ஏணி தெரிகிறது, தலைக்கவசம் அணிந்த வீரர்கள் தெரிகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் வரும் படத்திலும் குழாயைப் பிடித்தவர்தான் நிற்கிறார். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த மனிதரை யாரும் படம் எடுப்பதில்லை. சாரதிக்கு முதல் மரியாதை மகாபாரதத்தோடு முடிந்துவிட்டது போலும்!

எனக்கும் அந்த மனிதரைப் பற்றி நினைக்க இத்தனை நாள் காரணம் இருந்ததில்லை. சென்ற ஆண்டு என் சித்தப்பா மகன் அந்தக் காரணத்தைக் கொண்டுவந்து சேர்த்தான். வயது 23. பத்தாவது தேறியவன். ஊரில் சித்தப்பாவோடு தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தில்லித் தீயணைப்புத் துறையில் ‘ஃபயர் ஆபரேட்டர்’ என்றொரு உத்தியோகம் உண்டு. வண்டி ஓட்டுவது, பம்பை இயக்குவது, தீயை அணைப்பது எல்லாம் அவர் பொறுப்பே. மெட்ரிக் படிப்பு, கனரக வாகன லைசென்ஸ், 165 சென்டிமீட்டர் உயரம் இவையெல்லாம் வேண்டும். மூன்றும் தன்னிடம் இருப்பதைத் தம்பி கண்டுபிடித்துவிட்டான். “அண்ணா, ஆள் எடுக்கறப்போ சொல்லுங்க, ரயிலேறி வந்துடறேன்” என்று வாரம் தவறாமல் தொலைபேசியில் நச்சரிக்கிறான். இந்தியை நினைத்தால்தான் அவனுக்குப் பயம். தீயைப் பற்றிப் பேச்சே இல்லை.

பயப்படுகிறவர் சித்தி. “நீ படிச்சவன்ப்பா, நல்லா விசாரிச்சுச் சொல்லு. அந்த வண்டியை ஓட்டறதுக்கு எம் பையனுக்குச் சொல்லித் தருவாங்களா, இல்லே சாவியைக் கையிலே குடுத்துடுவாங்களா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது. அதனால் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்தேன்.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் தீயணைப்பு வண்டிக்கு ஒரு சலுகை கொடுக்கிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய ‘பெர்மிட்’ அதற்கு வேண்டாம். ஆனால் ஓட்டுகிறவருக்குச் சலுகை இல்லை. போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கு உரிய லைசென்ஸ் அவரிடம் இருந்தே ஆகவேண்டும். வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். அதற்கான பழகுநர் லைசென்ஸ் பெறவே, இலகுரக வண்டி லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் சான்று வேண்டும். ஓட்டுநர் பள்ளியில் கற்றால் 30 நாள் பயிற்சி. அதில் 15 மணி நேரமாவது சக்கரத்தைத் தொட்டிருக்க வேண்டும். லைசென்ஸின் ஆயுள் ஐந்து ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். இவ்வளவுதான். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவருக்கும் இதே விதி, இதே அட்டை. கடல் கடந்த அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே மாநிலங்கள் தீயணைப்பு வண்டி ஓட்டுநருக்குக் கனரக லைசென்ஸிலிருந்தே விலக்கு அளிக்கலாம் என்று மத்திய விதி சொல்கிறது. ஆனால் அந்த வண்டியை ஓட்டவும் அதன் பம்பை இயக்கவும் இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தனியாகவே தரவிதி வகுத்திருக்கிறார்கள்.

சிமெண்ட் மூட்டை ஏற்றின இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்குமா? நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் தீயணைப்பு வண்டி ஒன்று 4,500 லிட்டர் சுமக்கிறது. அதாவது நாலரை டன். இதைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் சித்தப்பா.

“முழு டேங்கு சாது, தம்பி. அரை டேங்குதான் பொல்லாதது. பிரேக் போட்டா லாரி நிக்கும், தண்ணி நிக்காது. முன்னாடி வந்து ஒரு மோது மோதும் பாரு, யாரோ பின்னாலிருந்து தள்ற மாதிரி இருக்கும்” என்றார். வளைவில் அதே தண்ணீர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் உடன் இழுக்கும். தொட்டிக்குள்ளே தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். அவை அலையைக் குறைக்கும், அடியோடு நிறுத்திவிடா. தீயை நோக்கிப் போகும்போது தொட்டி நிறைந்திருக்கும். ஒரு தீயை அணைத்துவிட்டு, நிரப்ப அவகாசமின்றி அடுத்த இடத்துக்கு ஓடும்போதுதான் சித்தப்பா சொன்ன பொல்லாத்தனம் வரும்.

சித்தப்பா அந்த வளைவில் நிதானமாக வருவார். கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் பத்து நிமிடம் தாமதமானால் யாரும் செத்துப் போவதில்லை. தீயணைப்பு வண்டிக்கு அந்த வசதி இல்லை. 2017-ஆம் ஆண்டு வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகள் வழிவிட வேண்டிய வண்டிகளுள் அதற்கே முதலிடம் தருகின்றன. உயிர் காக்கும் அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டலாம். வேக வரம்பை மீறலாம். தக்க எச்சரிக்கையோடும் பொறுப்போடும் செய்யவேண்டும் என்பதே நிபந்தனை. 40 கிலோமீட்டரில் போகும் வண்டி 60-க்கு ஏறினால் அதன் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. பிரேக் அத்தனையையும் விழுங்கியாக வேண்டும். சைரன் அலற, பின்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்க, எதிரே ஸ்கூட்டர்காரர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று தெரியாதபோது, ‘தக்க எச்சரிக்கை’ என்றால் எவ்வளவு? அதை லைசென்ஸ் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

வண்டி போய் நின்றால் சாரதியின் வேலை தீர்ந்தது என்று நான் எண்ணியிருந்தேன். அங்கேதான் இரண்டாவது வேலை ஆரம்பமாகிறது. எஞ்சினின் விசையைச் சக்கரத்திலிருந்து பம்புக்கு மாற்றுகிறார். நிமிடத்துக்கு 900 லிட்டர் வீதம் விட்டால் அந்த 4,500 லிட்டர் ஐந்தே நிமிடத்தில் காலி! எவ்வளவு மீதி என்று உள்ளே போனவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றினால் குழாயைப் பிடித்தவர் தூக்கி எறியப்படுவார். குறைந்தால் அவர் தீயின் முன் வெறுங்கையோடு நிற்பார். கிணற்றிலிருந்து எடுக்க வேண்டுமானால் உறிஞ்சு குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றவேண்டும். அப்படியும் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீர் மேலே வராது. எல்லோரும் தீயைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே சித்தியிடம் இப்படிச் சொன்னேன்: “சொல்லித் தருவாங்க சித்தி. வேலைக்குச் சேர்ந்தபிறகு துறையே பயிற்சி கொடுக்கும். நாகபுரியில் 1957 முதல் தேசியத் தீயணைப்புக் கல்லூரியே இருக்கு.” சித்தி ஒருவாறு சமாதானம் அடைந்தார். எனக்குத்தான் முழுச் சமாதானம் இல்லை. தீயணைப்பு என்பது அந்தந்த மாநிலத்தின், நகராட்சியின் பொறுப்பு. ஆகவே சாரதிக்கு எத்தனை நாள், எதை, யார் கற்பிப்பது என்பதும் அவரவர் ஏற்பாடு. நாடு முழுவதற்கும் பொதுவாக இருப்பது அந்த லாரி லைசென்ஸ் ஒன்றே.

இதிலே விசித்திரம் ஒன்று கண்டேன். பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவருக்கு அந்த லைசென்ஸ் மட்டும் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதிப்படி அவர் மூன்று நாள் தனிப் பயிற்சி பெற்று, அதை லைசென்ஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அபாயமான சரக்கு அல்லவா? நியாயந்தான். அந்த டேங்கர் கவிழ்ந்து பற்றிக்கொண்டால், சிவப்பு விளக்கையும் தாண்டி அதை நோக்கி விரைகிறவரிடம் அந்த விதிகள் ஒரு நாள் தனிப் பயிற்சிகூடக் கேட்கவில்லை. 9-ஆம் விதியைப் போல இன்னொரு விதி, ஒரு பதிவு — தண்ணீர்ச் சுமை, சைரன் ஓட்டம், பம்பு மூன்றிலும் தேறியவர் என்று — சேர்ப்பதற்குப் பெரிய தடை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

நம் சங்கத்தில் சட்டம் படிக்கும் அன்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இந்த விதிகளை வகுப்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். மனுவை முறையாக எழுதித் தர அவர்கள் முன்வந்தால், கையெழுத்து வாங்கும் வேலையை நான் ஏற்கிறேன். முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது. அவர் தமிழில்தான் போடுவார்.