அயோவாவின் ஹாம் உருண்டை

டெ மாயின், அயோவா



அமெரிக்கப் பன்றிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வளர்க்கும் அயோவா மாநிலத்தில் மக்கள் 32 லட்சம் அளவில் இருக்க, பன்றிகளோ இரண்டு கோடிக்கும் மேல் இருப்பதால், பண்டிகைப் பந்தியில் அவ்விறைச்சி முதலிடம் பெறுவது இயல்பே. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் நாள்களிலும், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து வந்து தேவாலயக் கூடத்தில் பகிர்ந்துண்ணும் விருந்துகளிலும் தவறாமல் இடம்பெறுவது ஹாம் உருண்டை. ஹாம் என்பது உப்பும் சோடியம் நைட்ரைட்டும் ஏற்றிப் பதப்படுத்தி, பெரும்பாலும் புகையூட்டிய பன்றித் தொடைக்கறி. அதைத் தனியாக அரைத்து உருட்டினால் உப்பு மிகுந்து இறுகிவிடும் என்பதால், பதப்படுத்தாத பன்றிக் கொத்துக்கறியைச் சம அளவில் கலக்கின்றனர். இக்கலவையை ஆயத்தமாகவே விற்கும் இறைச்சிக் கடைகளும் இங்குண்டு.

கலவையைச் சேர்த்துப் பிடிப்பது ரொட்டித்தூள் அன்று, கிரஹாம் பிஸ்கட் எனப்படும், தவிடு நீக்காத கோதுமை மாவில் செய்த இளஇனிப்பு பிஸ்கட்டின் பொடி. இப்பெயருக்குரிய சில்வெஸ்டர் கிரஹாம் (1794–1851) இறைச்சியையும் காரசாரமான கூட்டுப்பொருள்களையும் விலக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசங்கித்த பாதிரியார். 1850இல் அமெரிக்க சைவ உணவுச் சங்கம் தோன்றியபோது அதில் பங்கேற்றவர். அவர் பெயர் தாங்கிய பிஸ்கட், பன்றிக்கறியோடு பிசையப்பட்டுக் கடுகும் வினிகரும் கலந்த சாற்றில் வேகிறது. அயோவாவின் இல்லத்தரசிகள் இதில் முரண் எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் செய்ய, ஹாமும் பன்றிக் கொத்துக்கறியும் அரைக் கிலோ வீதம் எடுத்து, ஒன்றேகால் கோப்பை பிஸ்கட் பொடி, முக்கால் கோப்பை பால், இரண்டு முட்டை சேர்த்து, கறி கெட்டிப்படாதவாறு மென்மையாகப் பிசைய வேண்டும். ஹாமிலுள்ள உப்பே போதும். அரைக் கோப்பை அளவு உருண்டைகளாக்கி, தாழ்ந்த விளிம்புள்ள தட்டில் நெருக்கமின்றி அடுக்கி, மேலே சாற்றை ஊற்றுவர். சாற்றுக்கு, நீர் சேர்க்காத கெட்டியான தக்காளி சூப் ஒரு டின், கரும்புப்பாகின் கருமையும் மணமும் தங்கிய பழுப்புச் சர்க்கரை ஒரு கோப்பை, வினிகர் மூன்றிலொரு கோப்பை, கடுகுத்தூள் ஒரு தேக்கரண்டி. இந்தச் சர்க்கரை அளவு சற்று மிகை. கால் பங்கு குறைத்தாலும் சுவை கெடாது, ஆனால் வினிகரைக் குறைத்தால் உப்பையும் இனிப்பையும் சமன்செய்யும் புளிப்பு இல்லாமல் திகட்டிவிடும். பென்சில்வேனியாவின் ஜெர்மானிய வழிவந்த குடும்பங்களில் தக்காளிக்கு மாற்றாக அன்னாசிச் சாறு சேர்ப்போரும் உண்டு.

அடுப்பை 175 டிகிரி செல்சியஸில் வைத்து, இடையிடையே சாற்றை எடுத்து மேலே வார்த்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட, சாறு சுண்டி உருண்டைகள்மேல் பளபளப்பாகப் படியும். நைட்ரைட் இறைச்சியின் நிறமியோடு கூடி, வெந்தபின்னும் மாறாத இளஞ்சிவப்பைத் தருவதால், உட்புற நிறத்தைப் பார்த்துப் பதம் அறிய இயலாது. வெப்பமானியை நடுவே செருகி 71 டிகிரி காட்டுகிறதா எனப் பார்ப்பதே முறை. மசித்த உருளைக்கிழங்கின் மேல் இரண்டு உருண்டைகளை வைத்து, தட்டில் எஞ்சிய சாற்றையும் வழித்து ஊற்றியே இங்கு பரிமாறுகின்றனர்.